திட்டப் பொறுப்பை ஏற்கத் தயங்கும் மகளுக்கு

அன்புள்ள மலர்,

கருவி செய்கிறவளைப் பிடித்து அட்டவணை போட உட்கார வைக்கப் பார்க்கிறார்கள் என்று நேற்று தொலைபேசியில் பொரிந்து தள்ளினாய். இனிமேல் கூட்டம் கூட்டுவதும் தேதி கேட்பதும் கையெழுத்துக்கு அலைவதும்தான் பிழைப்பா என்றாய். வேலைக் காலம் முழுவதும் கணக்குப் பிரிவில் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவள் நான் என்பது உனக்கு மறந்துவிட்டது. போகட்டும்.

சூரியன் என்றால் சிறு வயதிலிருந்தே உனக்குப் பித்து. அதனால் சூரியனைப் பார்க்கப் போனவர்களின் கதையையே எடுத்துக்கொள்கிறேன்.

இஸ்ரோவின் சூரிய ஆய்வுக் கலமான ஆதித்யா-எல்1 முதலில் பேசப்பட்டபோது அது ஒரு சின்ன செயற்கைக்கோள். பூமிக்கு மேலே சுமார் 800 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும், சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனாவைப் படமெடுக்கும் கருவி ஒன்றைச் சுமக்கும், அவ்வளவுதான். பிறகு பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், இரண்டின் ஈர்ப்பும் கலத்தைப் பூமியோடு சேர்ந்து நகர விடும் எல்1 பகுதிக்கே போய்விடலாம், அங்கே சூரியன் ஒரு கணமும் மறையாது என்று முடிவெடுத்தார்கள். கருவிகள் ஏழாயின. விஞ்ஞானிகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் அந்த ஒரு முடிவால் எடை, எரிபொருள், ஆன்டெனா, பயண வழி என்று எத்தனை கணக்குகளைத் திரும்பப் போட்டிருப்பார்கள்! அதை யாரும் பேட்டியில் கேட்பதில்லை.

ஏழு கருவிகளும் ஓர் இடத்தில் பிறக்கவில்லை. கரோனா கருவி பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தில் உருவானது. புறஊதாத் தொலைநோக்கி புனேயிலிருந்தும், சூரியனிலிருந்து வீசும் துகள் ஓட்டமான சூரியக் காற்றை அளப்பவை அகமதாபாத்திலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. காந்தமானிக்கு விண்கலத்தின் காந்தப்புலமே ஆகாது. அதற்காக 6 மீட்டர் நீளக் கை ஒன்றை மடித்து அனுப்பி, போய்ச் சேர்ந்த பிறகு விரித்தார்கள். கரோனா கருவிக்குத் தூசி ஆகாது. சூரியத் தட்டின் ஒளியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் கரோனாவின் ஒளி என்று நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய்? ஆடியில் ஒரு துகள் ஒட்டினாலும் அதில் சிதறும் வெளிச்சம் கரோனாவை விழுங்கிவிடும். பெங்களூருக்கு அருகே ஹோஸ்கோட்டேயில் அந்தக் கருவியைக் கோத்தவர்கள் வேலை நாட்களில் வாசனைத் திரவியம் பூசவே கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. அப்படி ஒரு கட்டுப்பாட்டை எழுதி, மறந்து பூசிக்கொண்டு வருகிறவர் எவ்வளவு பெரியவரானாலும் வாசலில் நிறுத்தத் துணிந்த ஒருவர் இருந்தால்தான் படம் தெளிவாக வரும். அந்த ஆளின் வேலைதான் இப்போது உன்னைத் தேடி வந்திருக்கிறது.

இந்தப் பிடிவாதங்களையெல்லாம் ஒரே கலத்துக்குள் சமாதானப்படுத்திய திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி, நம் செங்கோட்டைக்காரர். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்து, 1987-இல் இஸ்ரோவில் சேர்ந்தவர். ஆதித்யாவுக்கு முன்னால் ரிசோர்ஸ்சாட்-2ஏ செயற்கைக்கோளுக்கு இணைத் திட்ட இயக்குநர். அவரும் மின்னணுவியல் படித்துவிட்டுத்தான் வந்தார். கூட்டம் நடத்தப் படித்துவிட்டு வரவில்லை.

ஆதித்யா கிளம்பிய நாள்: 2023 செப்டம்பர் 2, காலை 11.50. ராக்கெட் கண்ணுக்கு மறைந்ததும் அப்பா எழுந்து போய்விட்டார். நான் தொலைக்காட்சி முன்னாலேயே இருந்தேன். அன்று கலம் பிரிவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. நான்காம் அடுக்கு ஒரு முறை எரிந்து, நெடுநேரம் சும்மா மிதந்து, மறுபடி எரிய வேண்டும். அந்த இடைவெளியில் கட்டுப்பாட்டு அறையில் யாருக்கும் செய்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்த அந்த முகங்களை, ஆண்டுக் கணக்கு முடிக்கும் இரவுகளில் நான் பார்த்திருக்கிறேன். செய்ய வேண்டியதெல்லாம் முன்பே செய்தாகிவிட்டது. சரியாகச் செய்தோமா என்பது மட்டும்தான் பாக்கி.

கோயில் தேரில் வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். சக்கரத்தடியில் குனிந்து சறுக்குக்கட்டை போடுகிறவர் சிலர்தான். தேர் எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது அவர்கள் கையில்.

கட்டையைச் சரியாகப் போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு சோஹோ (SOHO) என்ற சூரிய ஆய்வுக் கலத்தைவிட நல்ல பாடம் இல்லை. ஐரோப்பிய விண்வெளி முகமையும் நாசாவும் சேர்ந்து 1995 டிசம்பரில் ஏவிய கலம் அது. 1998 ஜூன் 25 அன்று தொடர்பு அறுந்தது. கலத்தில் பழுது என்று எதுவும் இல்லை. வேலையைச் சீக்கிரம் முடிக்க ஒரு கட்டளைத் தொடரை மாற்றியிருந்தார்கள். மாற்றியதை யாரும் சரிவர மறுபரிசீலனை செய்யவில்லை. அதனால் கலம் எப்படித் திரும்புகிறது என்று உணரும் கைரோக்களில் ஒன்று அணைந்தே கிடந்தது. அதைக் கவனிக்காமல், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இன்னொரு கைரோவைப் பழுது என்று நினைத்து நிறுத்திவிட்டார்கள். குறைந்த ஆட்கள், நெருக்கிய கால அட்டவணை: விசாரணைக் குழு சொன்னதன் சாரம் இதுதான். தணிக்கை அறிக்கை மாதிரியே இருக்கிறது, இல்லையா?

மீட்டவர்களும் அதே அட்டவணைக்காரர்கள்தான். புவெர்ட்டோ ரிக்கோவின் அரேசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து ரேடார் அலை அனுப்பி, கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் ஆன்டெனாவில் எதிரொலியைப் பிடித்து, கலம் எங்கே சுழல்கிறது என்று ஜூலையில் கண்டுபிடித்தார்கள். ஆகஸ்டு 3-இல் மெல்லிய சமிக்ஞை ஒன்று வந்தது. எரிபொருள் உறைந்து கிடந்தது. பாட்டரிக்கு மின்னேற்றுவது, அந்த மின்சாரத்தில் தொட்டியைக் கொஞ்சம் உருக்குவது, மறுபடி மின்னேற்றுவது என்று வாரக்கணக்கில் பொறுமையாக நடத்தி, செப்டம்பர் 16-இல் கலத்தைச் சூரியன் பக்கம் திருப்பினார்கள். பன்னிரண்டு கருவிகளும் பிழைத்தன. பிறகு கைரோக்கள் எல்லாமே செத்தபோது, கைரோ இல்லாமலே ஓட்ட மென்பொருள் எழுதினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கென்று போன கலம் கால் நூற்றாண்டைத் தாண்டி உழைத்தது.

வானியற்பியலாளர் சந்திரசேகர் ஆய்வுப் பத்திரிகை ஆசிரியராக இருந்த கதையும் உனக்குத் தெரியும். 1958-இல் சூரியக் காற்று பற்றி இயற்பியலாளர் பார்க்கர் எழுதிய கட்டுரையை மதிப்பீட்டாளர்கள் வேண்டாம் என்றார்கள். சந்திரசேகருக்கும் அந்தக் கருத்து பிடிக்கவில்லை. கணக்கில் பிழை இல்லை என்பதால் வெளியிட்டார். நான்கே ஆண்டுகளில் மரைனர்-2 விண்கலம் அதை நேரில் அளந்து சொன்னது. தனக்குப் பிடிக்காததற்கும் வழிவிடுவது எவ்வளவு கடினமான மேசை வேலை என்று யோசித்துப் பார்.

பொறுப்பை ஏற்றுக்கொள். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இரண்டைக் கேட்டு எழுத்தில் வாங்கு. வேலைக்கு எத்தனை ஆட்கள் என்பது ஒன்று. அவசரம் என்று யார் சொன்னாலும் சோதனையை நிறுத்திவைக்கும் அதிகாரம் உனக்கு உண்டா என்பது மற்றொன்று. கையெழுத்துக்குப் பிறகு கேட்டால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள், ஒன்றும் வராது. வாரத்தில் ஒரு நாள் ஆய்வகத்தில் இருப்பேன் என்பதையும் சேர்த்து எழுது, அது எனக்காக.

நியமனக் கடிதத்தின் நகலை எனக்கு அனுப்பு. எங்கே பொறுப்பு மட்டும் கொடுத்து அதிகாரத்தை விட்டுவிட்டார்கள் என்று அடிக்கோடு போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா