நீங்கள் சொல்லித்தான் எல்லாரும் ஒரே ஐடியில் நுழைந்தோம்; இப்போது பழி எங்கள் மீதா?

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர், தலைமையகம், கோலாலம்பூர்
அனுப்புநர்: கணக்குப் பிரிவுப் பொறுப்பாளர், மளிகை மொத்த வியாபாரம், லெபோ பாசார், பினாங்கு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் கணக்கு மென்பொருளில் ஒருவர் லாகின் செய்தால் இன்னொருவர் வெளியே தள்ளப்படுகிறார். ஹாட்லைனில் சொன்னேன், வாட்ஸ்அப்பில் சொன்னேன், நேரிலும் வந்து சொன்னேன். ஒவ்வொரு தடவையும் புது டிக்கெட் நம்பர் கிடைக்கிறதே தவிர வேலை நடக்கவில்லை. இனி பேசிப் பயனில்லை என்றுதான் எழுத்தில் தருகிறேன். தயவு செய்து கடைசி வரை படியுங்கள்.

'இந்தப் பயனர் ஏற்கெனவே வேறு கணினியில் உள்ளார்' என்று வரும் அந்தச் சிவப்புப் பெட்டியை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கடைசி அப்டேட் போட்ட பிறகுதான் அது எங்களைப் பிடித்துக்கொண்டது. ஸ்டோரில் வைஃபை ஒரு நிமிடம் அறுந்தாலும் போதும். அங்கே வேலை செய்த தம்பி வெளியே வந்துவிடுவான், ஆனால் சர்வர், அதாவது மென்பொருள் ஓடும் எங்கள் முதன்மைக் கணினி, அவன் இன்னும் உள்ளே இருப்பதாகவே கணக்கு வைத்திருக்கும். அவன் பேரில் அவனே திரும்ப நுழைய முடியாது. ஐந்து பேருக்கு லைசன்ஸ் வாங்கியிருக்கிறோம். மூன்று பேர் உட்கார்ந்திருக்கும்போதே இடம் நிரம்பிவிட்டது என்கிறது உங்கள் மென்பொருள்.

இதற்கு உங்கள் டெக்னீஷியன் சொன்ன வைத்தியம் என்ன தெரியுமா? "இப்போதைக்கு எல்லாரும் அட்மின் ஐடியிலேயே லாகின் பண்ணுங்க சிஸ்டர், ஓகே ஆயிடும்." இது அவர் அனுப்பிய வாட்ஸ்அப். இன்னும் என் போனில் இருக்கிறது, ஸ்கிரீன்ஷாட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். சொன்னபடியே செய்தோம். அதன் பிறகுதான் உண்மையான நாசம் ஆரம்பித்தது.

ஹாட்லைனில் பேசிய உங்கள் அதிகாரியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழ்ப் பிள்ளை, நம் கஷ்டம் புரியும் என்று நினைத்துப் பேசினேன். நான் பாதி சொல்லும்போதே குறுக்கே வந்தார். "பாஸ்வேர்டை எல்லாருக்கும் கொடுத்தா இப்படித்தான் ஆகும் அக்கா. உங்க ஆபீஸ்ல யாருக்குமே கம்ப்யூட்டர் தெரியாதா?" உங்கள் ஆள்தான் கொடுக்கச் சொன்னார் என்றேன். "எங்க ஆள் அப்படிச் சொல்ல மாட்டாங்க" என்று சொல்லி லைனை வைத்துவிட்டார். இருபது வருஷத்துக்கும் மேலாகக் கணக்கு எழுதுகிறேன். கையால் லெட்ஜர் எழுதிய காலத்திலிருந்து இந்த வேலையில் இருக்கிறேன். யாரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. அந்த உரையாடலை நீங்கள் பதிவு செய்திருப்பீர்கள், எடுத்துக் கேளுங்கள்.

ஒரே ஐடியில் எல்லாரும் இருந்தால் என்ன ஆகும்? சுங்கைப் பட்டாணி வாடிக்கையாளர் ஒருவருக்குத் தீபாவளிச் சரக்கு: பருப்பு, உளுந்து, கடலை மாவு, நெய் டின் என்று நீளமான இன்வாய்ஸ். எங்கள் அலுவலகப் பெண் கடைசி வரியை அடித்து அனுப்பும் பட்டனை அழுத்திய நேரத்தில் ஸ்டோரில் ஒருவர் அதே ஐடியில் லாகின் செய்தார், இவள் திரை காலியானது. போனதா இல்லையா என்று பார்க்க வழியில்லை. லாரி வாசலில் நிற்கிறது. மறுபடி உட்கார்ந்து முழுவதையும் அடித்தாள். இரண்டுமே வருமான வரி வாரியத்தின் இ-இன்வாய்ஸ் தளமான மைஇன்வாய்ஸில் ஏறிவிட்டன. ஏறிய இ-இன்வாய்ஸை ரத்து செய்ய 72 மணி நேரம்தான் அவகாசம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த 72 மணி நேரமும் 'அட்மின்' உள்ளே இருக்கிறார் என்று சொல்லி எங்களை வாசலிலேயே நிறுத்தியது உங்கள் மென்பொருள். கடைசியில் அந்தத் தொகையைக் கழித்துக் காட்டும் கிரெடிட் நோட் போட்டோம். வாடிக்கையாளரோ இரண்டு தடவை காசு கேட்கிறோம் என்று கோபித்துக்கொண்டு அடுத்த ஆர்டரை வேறு கடையில் கொடுத்துவிட்டார். இந்த ஒரு விஷயத்தால் எங்கள் தீபாவளி வியாபாரமே பாழ். ஆண்டு விற்பனை 50 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டியவர்களுக்கு 2025 ஜூலை 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம் என்று சொல்லித்தானே விலை கூடிய பேக்கேஜை எங்களுக்கு விற்றீர்கள்?

ஆடிட்டர் வேறு கேட்கிறார், யார் எந்தப் பதிவைச் செய்தது என்று. எல்லா வரியிலும் 'அட்மின்'. பணம் வாங்கியவரும் அட்மின், விலையை மாற்றியவரும் அட்மின். நாளைக்கு ஒரு ரசீது காணாமல் போனால் எந்தப் பிள்ளையை நான் கேட்பது?

பாயான் லெப்பாஸ் பயணத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். சர்வரைக் கொண்டு வந்தால் அன்றைக்கே பார்த்துத் தருவோம் என்று உங்கள் கிளையில் சொன்னார்கள். கடையில் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டரைத் துண்டில் சுற்றிக் காரில் வைத்து, ஜெலுத்தோங் நெடுஞ்சாலை ஜாமில் ஊர்ந்து வந்தேன். வெள்ளிக்கிழமை மதியம், கவுண்டர் மூடியிருந்தது; அது பரவாயில்லை, தொழுகை நேரம், காத்திருந்தேன். திறந்ததும் அந்த இளைஞர் பெட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இது சாஃப்ட்வேர் பிரச்சினை, கேஎல்-க்கு போன் பண்ணுங்க" என்றார். அதைப் போனிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

சம்பளப் பகுதியும் இதே கதிதான். ஊழியர் சேமநிதியான இபிஎஃப், சமூகப் பாதுகாப்புச் சந்தாவான சொக்சோ இரண்டையும் மாதா மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அன்று மாலை வரை கிளார்க்கால் உள்ளே போகவே முடியவில்லை. தாமதக் கட்டணம் எங்கள் தலையில்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. செத்துப்போன லாகினை நாங்களே துண்டிக்க நிர்வாகிக்கு ஒரு வழி கொடுங்கள். சும்மா கிடக்கும் லாகின் சில நிமிடங்களில் தானாக விழும்படி செய்யுங்கள். ஐந்து பேருக்கும் தனித்தனி ஐடி வேலை செய்வதை உங்கள் ஆள் கடைக்கு வந்து உட்கார்ந்து காட்ட வேண்டும். இந்த ஆண்டுச் சந்தாவில் பாதியைத் திருப்பித் தாருங்கள், தாமதக் கட்டணத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த ஹாட்லைன் அதிகாரியின் வார்த்தைகளுக்கு எழுத்தில் மன்னிப்பு வேண்டும், இதை விடமாட்டேன்.

உங்கள் மென்பொருளை நல்லது என்று இந்தத் தெருவில் நான்கு கடைக்குச் சொன்னவள் நான். சண்டை போடும் எண்ணம் இல்லை. ஆனால் அடுத்த 15-ஆம் தேதிக்குள் ஆள் வராவிட்டால் இதே கடிதம் ஸ்கிரீன்ஷாட்டுடன் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சுக்கும் கிரீன் லேனில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் போகும். முதலாளி வக்கீலிடமும் பேசிவிட்டார்.

வருவதற்கு முன் போன் செய்யச் சொல்லுங்கள். காலை பத்து மணிக்கு மேல் என்றால் லாரி ஏற்றும் வேலை முடிந்திருக்கும், சர்வர் பக்கத்தில் நானே இருப்பேன்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவுப் பொறுப்பாளர்