கையில் அறுபது, வாயில் ஐம்பது

அன்பு மகளுக்கு,

நீங்கள் வாங்கியிருக்கும் பழைய வீட்டைப் புதுப்பிக்க டிசைனர் போட்டுத் தந்தது என்று நீ கொடுத்துவிட்டுப் போன கொட்டேஷனை ராத்திரி அப்பாவோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்குப் போன் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளையிடமும் காட்டு.

78,000 சிங்கப்பூர் வெள்ளி போட்டிருக்கிறார்கள். அடியில் சின்ன எழுத்தில் பொருள் சேவை வரி தனி என்று இருக்கிறதே, பார்த்தாயா? 9 விழுக்காடு சேர்த்தால் 85,020. உங்களிடம் இருப்பது 60,000, அதிலும் பாதி பேங்க் கடன். ரினோவேஷனுக்கு பேங்க் 30,000 வெள்ளிக்கு மேல் தராது, ஐந்து வருடத்துக்குள் கட்டி முடிக்கவும் வேண்டும். மத்திய சேமநிதியில் வீடு வாங்கலாம், வீட்டைப் புதுப்பிக்க அதிலிருந்து ஒரு காசு எடுக்க முடியாது. வீட்டை விற்றவர் மதிப்பீட்டுக்கு மேல் கேட்ட தொகையை ரொக்கமாகக் கொடுத்ததில் உங்கள் சேமிப்பும் கரைந்துவிட்டது. ஆங் மோ கியோவில் இன்றைக்கு நாலறை வீடு விற்கிற விலைக்கு வேறு வழி இல்லைதான். ஆனால் அவ்வளவு பெரிய தொகையைப் பார்த்த கண்ணுக்கு இன்னொரு இருபத்தைந்தாயிரம் சின்னதாகத் தெரியும். எங்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

டிசைனரிடம் 50,000 என்று சொல். மீதிப் பத்தாயிரம் உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். அது சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் இருப்பதற்கான பணம்.

நாற்பது வருடம் தாண்டிய வீடு, கண்ணு. கழிவறைக் கூரையில் பெயிண்ட் உப்பியிருந்ததை அன்றைக்கே கவனித்தேன். ஈரம் இறங்கினால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். துடைப்பக் கட்டையால் மெல்லத் தட்டிப் பார். நல்ல இடத்தில் கெட்டியாகக் கேட்கும், கான்கிரீட் விட்டுப்போன இடத்தில் பானையைத் தட்டுவது போல வெற்றுச் சத்தம் வரும். அதைச் சரிசெய்யாமல் மேலே அழகாக ஃபால்ஸ் சீலிங் போட்டால், இரண்டு வருடத்தில் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருக்கும். வயரிங்கையும் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். மூன்று ஏர்கான், இண்டக்ஷன் அடுப்பு என்று கேட்கிறீர்கள், அந்தக் காலத்து இணைப்பு இதையெல்லாம் தாங்குமா என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதான் வீவக, பழைய வீடுகளைச் சரிசெய்து தரும் இல்ல மேம்பாட்டுத் திட்டம் உங்கள் புளோக்குக்கு வந்து முடிந்துவிட்டதா என்று விசாரி. இன்னும் வரவேண்டியிருந்தால் கழிவறையை இப்போது உடைக்காதே. அந்தத் திட்டத்தில் செய்தால், குடிமக்களுக்கு நாலறை வீட்டில் செலவில் 7.5 விழுக்காடுதான் நம் பங்கு.

முடிந்துவிட்டது, நாங்களே உடைக்கிறோம் என்றால், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சில் மட்டும் பேரம் பேசாதே. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் வடிகாலை அடைத்து, தண்ணீர் கட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்க்கச் சொல். கீழ்வீட்டுக் கூரையில் சொட்டினால் பிறகு நாம்தான் போய் நிற்க வேண்டும்.

எதைக் குறைப்பது என்று கேட்பாய். தச்சு வேலையை. அலமாரிக்கெல்லாம் அடிக்கணக்கில்தான் காசு. மூன்று படுக்கையறையிலும் சுவர் முழுக்க அலமாரி எதற்கு? வரவேற்பறையில் அந்த மரப்பலகைச் சுவர் எதற்கு? இரண்டு வருடம் கழித்துக்கூட அலமாரி செய்துகொள்ளலாம். குழாயையும் வயரையும் அப்படித் தள்ளிப்போட முடியாது.

பணம் கொடுக்கும் விஷயத்தில் அம்மா பட்டதை நீ படக்கூடாது. 1996இல் ஹவ்காங் வீட்டுக்குக் கான்ட்ராக்டர் கேட்டதும் பாதித் தொகையை எண்ணிக் கொடுத்தோம். கழிவறை இரண்டையும் உடைத்துப் போட்டுவிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. மூன்று வாரம் எதிர்வீட்டில்தான் குளியல். அப்போது உனக்கு மூன்று வயது. எதிர்வீட்டுச் சீனப் பாட்டி தன் பேத்திக்கு ஊற்றிய கையோடு உனக்கும் தண்ணீர் ஊற்றிவிடுவார். அப்பா வேலை முடிந்து வந்து, சிமெண்ட் தூசியில் உட்கார்ந்து, போன பணத்தை நோட்டில் கூட்டிப் பார்ப்பார். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதனால் முன்பணம் பத்து, அதிகம் போனால் இருபது விழுக்காடு. மற்றதை ஒவ்வொரு வேலையும் முடிய முடியக் கொடு. கடைசி ஐந்து விழுக்காட்டை, குறையெல்லாம் சரிசெய்த பிறகு கொடு. ஆள் வீவகவின் ரினோவேஷன் கான்ட்ராக்டர் பட்டியலில் இருக்கிறாரா பார். பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரமும் இருந்தால் முன்பணத்துக்கு ஒரு பாதுகாப்பு உண்டு.

சனி, ஞாயிறு உடைக்கும் வேலை செய்யக்கூடாது, அதனால் அவர்கள் சொல்கிற தேதிக்கு முடியாது. அதுவரை வாடகை அறை என்று மாப்பிள்ளை சொன்னாராமே, வேண்டாம். உன் அறை காலியாகத்தான் இருக்கிறது. அப்பா நேற்றே ஃபேனைத் துடைத்துவிட்டார்.

சனிக்கிழமை சாவியோடு வா. நானும் வருகிறேன், கூரையைத் தட்டிப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அம்மா