பாதி நாள் கெமர்

நோம் பென், கம்போடியா,
ஞாயிறு காலை.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில் நீ கேட்ட கேள்விக்கு, “பார்க்கலாம் அம்மா” என்று மழுப்பிவிட்டேன். பக்கத்தில் மாப்பிள்ளையும் இருந்தார். அவரை வைத்துக்கொண்டு உன்னை மறுத்துப் பேச மனம் வரவில்லை. அதோடு, போனில் நான் பேச ஆரம்பித்தால் நீ “சரிப்பா, சரிப்பா” என்று சொல்லியே என்னை முடித்து வைத்துவிடுவாய். கடிதத்தில் அந்த வித்தை பலிக்காது.

“குட்டிக்குக் கம்போடியர்களின் கெமர் மொழி வகுப்பு எதற்கப்பா? இவருக்கு அங்கே மூன்று வருட வேலை ஒப்பந்தம்தானே. அந்த நேரத்தில் கூடுதலாக இங்கிலீஷ் படிக்கட்டும், இல்லையென்றால் பிரெஞ்சு. பள்ளியில் சொல்லி விலக்கு வாங்கிவிடுங்கள்” என்றாய். பேத்திக்கு விலக்கு வாங்குவது ஒன்றும் பெரிய காரியமில்லை. எங்கள் பள்ளியில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒரு படிவமே இருக்கிறது, கையெழுத்துப் போட்டால் முடிந்தது. பதினோரு வருடமாக அங்கே கணக்கு வாத்தியாராக இருக்கிற எனக்கு ஐந்து நிமிட வேலை. ஆனால் நான் வாங்கித் தரப்போவதில்லை. வேண்டுமானால் நீயே வந்து வாங்கிக்கொள். அதற்கு முன்னால் நான் சொல்வதைக் கேட்டுவிடு.

முதலில் இந்தப் பள்ளி எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். திருப்பூரில் நீ பார்க்கிற பள்ளி மாதிரி இல்லை. இங்கே ஒரு பிள்ளைக்கு ஒரே நாளில் இரண்டு பள்ளிக்கூடம். காலையில் பிரிட்டிஷ் பாடத்திட்டம் என்றால் மதியத்துக்கு மேல் கம்போடிய அரசின் பாடத்திட்டம். சில வகுப்புகளுக்கு இதுவே தலைகீழாக இருக்கும். நடுவில் பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரை சாப்பாடும் தூக்கமும். சின்னப் பிள்ளைகள் பாயை விரித்து வரிசையாகப் படுத்துவிடுவார்கள். தூங்காதவர்களும் கண்ணை மூடிக்கொண்டு கிடக்க வேண்டும் என்பது சட்டம். அந்த நேரத்தில் வராந்தாவில் நடந்தால் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். குட்டிக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். அவள் அம்மாவுக்கும் அந்த வயதில் மதியத் தூக்கம்தான் உயிர்.

இன்னொரு வேடிக்கை. பிரிட்டிஷ் கணக்கில் ஐந்து வயது முடிந்ததுமே முதல் வகுப்பு தொடங்கிவிடுகிறது. கெமர் பள்ளியில் ஆறு வயதில்தான் ஒன்றாம் வகுப்பு. ஆக, குட்டி காலையில் ‘இயர் டூ’, மதியம் ஒன்றாம் வகுப்பு. இரண்டு வகுப்பில் ஒரே நேரத்தில் படிக்கிறாள் என்று உன் மாமியார் ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். இந்தப் பள்ளியில் சேர்ந்த முதல் வருடம். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்றரையை 3,5 என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையில் சுழித்தேன். மறுநாளும் அதையே எழுதினான். மறுபடியும் சுழித்தேன். வகுத்தல் கணக்கில் வகுக்கும் எண்ணை வலது பக்கம் போட்டு, ஈவை அதற்குக் கீழே எழுதியிருந்தான். விடை சரி. “எங்கே பார்த்து எழுதினாய்?” என்று வகுப்பில் எல்லோர் முன்னிலும் கேட்டுவிட்டேன். பையன் வாயே திறக்கவில்லை. நோட்டை மூடி வைத்துக்கொண்டு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் கெமர் பிரிவு ஆசிரியை ஒருவர் என்னைத் தேடி வந்தார். கையில் அரசாங்கக் கணக்குப் புத்தகம். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. கைகூப்பி வணங்கிவிட்டு, புத்தகத்தை என் மேசையில் விரித்துக் காட்டினார். தசமப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் பக்கம் முழுவதும் காற்புள்ளி. வகுத்தலும் அந்தப் பையன் போட்ட மாதிரியேதான். பிரெஞ்சுக்காரர்கள் தொண்ணூறு வருடம் இந்த நாட்டை ஆண்டுவிட்டுப் போனார்கள், கணக்கு எழுதும் முறையை விட்டுப் போய்விட்டார்கள். நான் ‘பஸ் ஸ்டாப்’ என்று இங்கிலாந்துக்காரர்கள் சொல்லும் வகுத்தல் முறையைக் காலையில் சொல்லிக்கொடுக்கிறேன், அந்த ஆசிரியை இதை மதியம் சொல்லிக்கொடுக்கிறார். இரண்டுக்கும் நடுவில் நின்று, யாரிடமும் குறை சொல்லாமல், அந்தப் பத்து வயதுப் பையன் மொழிபெயர்த்துக்கொண்டிருந்திருக்கிறான். நானோ அவன் திருடுகிறான் என்று நினைத்தேன்.

மறுநாள் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து கரும்பலகையை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். ஒரே கணக்கை இரண்டு பக்கமும் போடுவோம். அப்படிப் போடும்போதுதான் பிள்ளைகளுக்கு ‘இது எழுதும் முறை, அது கணக்கு’ என்கிற வித்தியாசம் பிடிபடுகிறது. முப்பது வருடம் ஒரே முறையைச் சொல்லிக்கொடுத்த எனக்கே அது அப்போதுதான் சரியாகப் பிடிபட்டது. உன் பெண்ணை அந்தப் பாதி நாளிலிருந்து வெளியே எடுத்துவிட்டால், என் கரும்பலகையில் அவளுக்குப் பாதிதான் தெரியும்.

இப்போது எழுத்துக்கு வருகிறேன். நீ பயப்படுவது அதற்குத்தான் என்று தெரியும். ஆமாம், பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். முப்பத்து மூன்று மெய்யெழுத்து. ஓர் எழுத்துக்குக் கீழே இன்னொரு எழுத்தின் ‘கால்’ தொங்கும். அவர்களும் அதைக் கால் என்றுதான் சொல்கிறார்கள், ‘சொங்’ என்று. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி விடமாட்டார்கள். ஆனால் ஒன்றாம் வகுப்பு வாசலில் நின்று பிள்ளைகள் கூட்டமாகக் கத்துவதைக் கேள்: கா, க்கா, கோ, க்கோ, ஙோ. அப்புறம் ச வரிசை, ட வரிசை, த வரிசை, ப வரிசை. நம் ‘க ங ச ஞ’ வரிசையேதான், நடுவில் கொஞ்சம் கூட்டம் அதிகம். பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்த எழுத்து அது. ஆண்டு குறிப்பிட்ட மிகப் பழைய கெமர்க் கல்வெட்டு கி.பி. 611-ஐச் சேர்ந்தது, இங்கிருந்து தெற்கே அங்கோர் போரேயில் கிடைத்தது.

இதைச் சொன்னதும் மாப்பிள்ளை, “அப்படியென்றால் எல்லாம் நம்முடையதுதான் மாமா” என்பார். அதைத் தயவுசெய்து இங்கே வந்து யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லி வை. நம் ஊர்க்காரர்கள் சிலர் அங்கோர் வாட்டுக்கு ஒருநாள் போய் வந்துவிட்டு, தாங்களே கல் சுமந்த மாதிரி பேசுகிறார்கள். கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அவர்கள் எழுத்தை வாங்கிக்கொண்டார்கள், அதில் ஆயிரத்து நானூறு வருடமாகத் தங்கள் மொழியை எழுதுகிறார்கள். வாத்தியாரை ‘லோக் க்ரூ’ என்கிறார்கள், பள்ளிக்கூடம் ‘சாலா’. நம் காதுக்கு அது சொந்தக்காரர் வீடு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். சொந்தக்காரர் வீட்டில் போய் அலமாரியைத் திறக்கக் கூடாது.

அந்தக் கெமர் ஆசிரியையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருக்கு 1979-இல் எட்டு வயது. அதற்கு முந்தைய நான்கு வருடம் இந்த நாட்டில் பள்ளிக்கூடமே கிடையாது. 1975 ஏப்ரல் 17-இல் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை உள்ளே வந்து இந்த நகரத்தையே காலி செய்தது. துவோல் ஸ்லெங் என்று நீ புத்தகத்தில் படித்திருப்பாயே, அவர்களுடைய அந்த வதைச் சிறை அதற்கு முன்னால் ஓர் உயர்நிலைப் பள்ளி. வகுப்பறைகளைச் செங்கல்லால் தடுத்துச் சிறையறைகள் ஆக்கினார்கள். ஒருமுறை போனேன், தரையில் இருந்த கட்டங்கட்டமான ஓடுகளைப் பார்த்துவிட்டு, இது பள்ளிக்கூடத் தரைதான் என்று தெரிந்து வெளியே வந்துவிட்டேன். அந்த நான்கு வருடம் முடிந்தபோது ஆசிரியர்களில் பெரும்பாலோர் இறந்திருந்தார்கள், அல்லது நாட்டைவிட்டுப் போயிருந்தார்கள். கொஞ்சம் படித்தவர், படிக்காதவருக்குச் சொல்லிக்கொடுப்பது என்று ஆரம்பித்தார்கள். இவர் மரத்தடியில், அடுப்புக்கரியால் பலகையில் எழுதிப் படித்தவர். இன்று ஒரு பிள்ளை எழுத்தின் காலைச் சரியாகப் போடாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து, பத்து முறை எழுத வைக்கிறார். அவர் வகுப்புக்கு ‘விலக்கு’ என்று எழுதிய படிவத்தை நான் எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பேன், சொல்.

இங்குள்ள பெற்றோருக்குக் கெமர்ப் பாடம் வேண்டியதற்கு வேறு காரணமும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பின் முடிவில் ‘பாக் டுப்’ என்று ஒரு தேர்வு. நம் பிளஸ் டூ மாதிரி. நான் வந்த புதிதில் அதற்கு மரியாதை இல்லை, துண்டுச்சீட்டும் லஞ்சமும் சகஜம். 2014-இல் கல்வி அமைச்சர் ஹாங் சுவோன் நரோன் காப்பியடிப்பதை ஒரே வருடத்தில் நிறுத்தினார். முந்தைய வருடம் 87 விழுக்காடாக இருந்த தேர்ச்சி 26 விழுக்காட்டுக்கு விழுந்தது. ஊரே துக்க வீடு மாதிரி இருந்தது. தோற்றவர்களுக்காக அக்டோபரில் இன்னொரு தேர்வு வைத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சான்றிதழைப் பார்த்தால் ஆளை நம்பலாம் என்றாயிற்று. குட்டிக்கு அந்தத் தேர்வு தேவைப்படாது, எனக்கும் தெரியும்.

பள்ளி வாசலில் தினமும் ஒரு பாட்டி பேத்திக்காக நிற்பார். பேத்தி முழுக்க முழுக்க இங்கிலீஷ் மட்டும் படிக்கிற வேறொரு பள்ளியிலிருந்து இங்கே மாறி வந்தவள். வந்த புதிதில் பாட்டி ஏதோ கேட்பார், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். பாட்டி தலையை ஆட்டிக்கொண்டே, என்ன சொன்னாள் என்று துக்-துக் ஓட்டுநரின் முகத்தைப் பார்ப்பார். உன் ஆச்சி, இங்கிலீஷில் வந்த உன் பள்ளிக் கடிதங்களைப் படித்துச் சொல்லக் கேட்டுத் தபால்காரரிடம் போனது எனக்கு நினைவு வரும்.

இங்கேதான் நான் தயங்கித் தயங்கி வந்துகொண்டிருந்த விஷயத்தைச் சொல்ல வேண்டும். பிளஸ் ஒன்னில் உன்னைத் தமிழை விடச் சொல்லி, பிரெஞ்சு எடுக்க வைத்தவன் நான். நீ அழுதாய். “மார்க் வரும், கட் ஆஃப் போகாது” என்றேன். 194 வாங்கினாய், நான் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தேன். மொழி மார்க்கைப் பொறியியல் கட் ஆஃபில் சேர்ப்பதே இல்லை என்று கணக்கு வாத்தியாரான எனக்குத் தெரியாதா? தெரியும். பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தான், அதனால் நீயும் எடுத்தாய். இன்று ஒரு வாக்கியம் பிரெஞ்சில் சொல்வாயா? கோபித்துக்கொள்ளாதே, கேட்கிறேன். உன் அம்மா இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, “இதைப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் எழுதியிருக்கலாம்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

குட்டிக்குக் கெமரில் மார்க் வராது. முதல் வருடம் நிச்சயமாக வராது. வீட்டில் நீங்கள் யாரும் உதவ முடியாது. சாயங்காலம் தனி வகுப்புக்குக் கொஞ்சம் பணம் ஆகும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அவள் விளையாடப் போகிற பிள்ளைகள் இடைவேளையில் கெமரில்தான் சண்டை போடுகிறார்கள். சண்டை புரியாத இடத்தில் ஒரு குழந்தை மூன்று வருடம் எப்படி இருக்கும்?

பிரிட்டிஷ் பகுதியைப் பற்றி நீ கவலைப்படவே இல்லை, நானோ அதைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன். ‘பிரிட்டிஷ்’ என்ற சொல்லைப் பெயர்ப்பலகையில் எழுதிவிடுவது சுலபம். 2013-இல் நான் முதலில் சேர்ந்த ஒரு பள்ளியில் இங்கிலாந்துக் கொடி வாசலிலேயே இருந்தது, உள்ளே நகலெடுத்த தாள்களைத் தவிர ஒன்றும் இல்லை. ஒரு வருடத்தில் மூன்று இங்கிலீஷ் ஆசிரியர்கள் மாறினார்கள். அதனால் எங்கள் பள்ளி உட்பட எங்கே சேர்த்தாலும் மாப்பிள்ளையை நேரில் கேட்கச் சொல்: கேம்பிரிட்ஜ் தேர்வு மையமாகப் பதிவு செய்திருக்கிறார்களா, தொடக்கப் பள்ளி முடிவில் ‘செக்பாயிண்ட்’ தேர்வைப் பிள்ளைகள் உண்மையிலேயே எழுதுகிறார்களா, போன வருடம் இருந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இந்த வருடம் இருக்கிறார்கள். கட்டணத்தை டாலரில்தான் சொல்வார்கள். சாப்பாடு, சீருடை, புத்தகம் அதில் சேர்ந்ததா என்றும் கேட்கட்டும்.

ஏப்ரலில் வந்துவிடாதீர்கள். நம் சித்திரைப் புத்தாண்டின்போதே இவர்களுக்கும் புத்தாண்டு, ஊரே அடைத்துக் கிடக்கும். வெயிலும் திருநெல்வேலியைத் தோற்கடிக்கும். பெட்டியில் இடம் இருந்தால் நான்கு கோடு நோட்டு நாலைந்து வை, இங்கே அது கிடைப்பதில்லை. புளியை வைக்க வேண்டாம், இங்கே தாராளமாக இருக்கிறது. அம்மா நார்த்தங்காய் கேட்கிறாள்.

ஒரு விஷயம் உன்னிடம் மறைத்துவிட்டேன். போன மாதத்திலிருந்து நீ சமையலறையில் இருக்கும்போது நானும் குட்டியும் போனில் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கெமரில் ஐந்து வரைக்கும்தான் தனிப் பெயர்: முயி, பீ, பெய், புவன், ப்ராம். ஆறு என்றால் ‘ஐந்து-ஒன்று’. அப்படியே ஒன்பது வரை. ஒரு கை முடிந்து அடுத்த கை. இன்று ராத்திரி சாப்பிடும்போது அவளிடம் எட்டுக்கு என்ன என்று கேட்டுப் பார். வாயைப் பார்க்காதே, விரல்களைப் பார்.

அன்புடன்,
அப்பா