தீத்தடுப்புக் கதவுகளை மாற்ற வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாளையங்கோட்டையில் நாங்கள் வசிக்கும் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில், மாடிப்படிக்கும் நடைவழிக்கும் இடையே உள்ள தீத்தடுப்புக் கதவுகள் அடிப்பாகம் உப்பி, கீல் தளர்ந்து, தாமாக மூடிக்கொள்ளும் கருவியும் கழன்று கிடக்கின்றன. ஆடிக் காற்றில் படார் படாரென்று அடித்துக்கொள்ளும் கதவுக்குக் குடியிருப்போரே செங்கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்கிறார்கள். கைக்குழந்தை தூங்கும் வீட்டில் வேறென்ன செய்வார்கள்?

தீ விபத்தில் நெருப்பைவிடப் புகையே பெரும்பாலும் உயிரைக் குடிக்கிறது. மூடிய கதவு அந்தப் புகையைத் தடுத்து, முதியோரும் குழந்தைகளும் படியிறங்க அவகாசம் தரும். லண்டன் கிரென்ஃபெல் குடியிருப்பில் 2017-இல் 72 உயிர்களைப் பறித்த தீ விபத்தை ஆராய்ந்த விசாரணை ஆணையம், வீட்டுக் கதவுகள் பல தாமாக மூடிக்கொள்ளாததும் புகை பரவக் காரணமாயிற்று என்று பதிவு செய்துள்ளது.

சுவருக்கு வர்ணம் பூசுவதற்கு முன் இந்தக் கதவுகளை மாற்ற வேண்டும். சாதாரண பிளைவுட் கதவை மாட்டிக் கணக்கை முடிக்காமல், தீத்தாங்கும் சான்று பெற்ற கதவை அதற்குரிய நிலையோடு சேர்த்தே பொருத்தி, தீயணைப்புத் துறையினர் முன்னிலையில் ஒவ்வொன்றையும் திறந்து மூடிச் சோதித்த பிறகே ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்குமாறு அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குடியிருப்புவாசி ஒருவர்,
பாளையங்கோட்டை.