நிலவியல் பட்டதாரிகளும் அமெரிக்க மாநில உரிமமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நிலவியல் படித்தவர்களுக்கு அமெரிக்காவில் இருக்கும் வேலைவாய்ப்பு பற்றி உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். அங்கே போய் எம்.எஸ். முடித்தால் சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்களில் வேலை கிடைக்கும் என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது. வேலை கிடைப்பது உண்மைதான். ஆனால் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே பெரும்பாலான மாநிலங்களில் ஒரு நிலவியல் அறிக்கைக்குக் கையெழுத்துப் போட முடியாது. அதற்கு மாநில அரசின் உரிமம் வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் போகிறவர்கள் நான்கைந்து வருடம் கழித்து, பதவி உயர்வுக்கான நேரம் வரும்போது, ஒரே இடத்தில் தேங்கிவிடுகிறார்கள். முதல் வருடத்திலேயே தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடிய சிக்கல் இது. அதனால்தான் இந்தக் கடிதம் சற்று நீளமாகவே இருக்கிறது.

முதலில் ஒன்று. அமெரிக்கா முழுவதற்கும் செல்லுபடியாகும் நிலவியலாளர் உரிமம் என்று எதுவும் கிடையாது. மருத்துவர், வழக்கறிஞர் உரிமங்களைப் போல இதுவும் மாநிலத்துக்கு மாநிலம் தனி. 1956இல் அரிசோனா தொடங்கிவைத்தது. கலிபோர்னியாவின் சட்டம் 1968இல் வந்தது, டெக்சாஸின் சட்டம் 2001இல். நியூயார்க்கில் நடைமுறைக்கு வந்தது 2016இல்தான். இன்று முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இந்த ஏற்பாடு இருக்கிறது. கொலராடோவில் உரிமம் இல்லை. யாரை நிலவியலாளர் என்று சொல்லலாம் என்பதற்குச் சட்டத்தில் ஒரு வரையறை மட்டும் உண்டு. நியூஜெர்சியில் நிலவியலாளருக்கென்று உரிமம் கிடையாது. ஆனால் மாசுபட்ட நிலத்தைச் சுத்தம் செய்யும் பணியை மேற்பார்வை செய்யத் தனி உரிமம் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. ஆகவே 'அமெரிக்காவில் என்ன விதி?' என்று கேட்பதில் பயனில்லை. எந்த மாநிலம் என்று கேட்க வேண்டும்.

இந்தச் சட்டங்கள் ஏன் வந்தன என்பதைப் புரிந்துகொண்டால் விதிகளின் கெடுபிடியும் புரியும். கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு வடக்கே கட்டப்பட்ட செயின்ட் பிரான்சிஸ் அணை 1928 மார்ச் 12 நள்ளிரவுக்குச் சற்று முன் உடைந்தது. 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று காலையில்தான் அணையைக் கட்டிய தலைமைப் பொறியாளரே வந்து கசிவைப் பார்த்து, ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அணையின் ஒரு கரை பழைய நிலச்சரிவில் நகர்ந்து கிடந்த சிஸ்ட் என்ற, தகடு தகடாகப் பிளக்கும் பாறையின் மேல் இருந்தது. மறுகரையில் இருந்தது கூழாங்கல் திரள்பாறை. காய்ந்திருக்கும்போது கெட்டியாகத் தெரியும் அந்தப் பாறையில் ஒரு துண்டை எடுத்துத் தண்ணீரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் கரைந்து சேறாகிவிடும். விசாரணையில் இதைச் செய்தே காட்டினார்கள். கட்டுவதற்கு முன் யாராவது செய்து பார்த்திருக்கலாம். அடுத்த ஆண்டே அணைப் பாதுகாப்புச் சட்டமும் கட்டுமானப் பொறியாளர் பதிவுச் சட்டமும் வந்தன. நிலவியலாளரையும் சட்டத்துக்குள் கொண்டுவர இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின. அதற்குள் 1956இல் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே கடலோரத்தில் உள்ள போர்ச்சுகீஸ் பெண்ட் பகுதியில் பழைய நிலச்சரிவு மறுபடி நகரத் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது.

அணை அளவுக்குப் பெரிய விஷயம் தினமும் நடப்பதில்லை. அங்கே வேலைக்குச் சேரும் நம் மாணவர்கள் பெரும்பாலும் பார்க்கப்போவது பெட்ரோல் பங்க் தொட்டிக் கசிவு, பழைய தொழிற்சாலை மனை, குப்பைக் கிடங்கு போன்றவற்றைத்தான். அதில் ஒரு சாதாரண வேலையை எடுத்துக்கொள்வோம். நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்று கண்காணிப்புக் கிணறுகள் போட்டு, ஒவ்வொன்றிலும் கேசிங் எனப்படும் கிணற்றுச் சுவர்க் குழாயின் விளிம்பு மட்டத்தைச் சர்வே செய்து, அதிலிருந்து நீர்மட்ட ஆழத்தைக் கழித்தால் நீரின் உயரம் கிடைக்கும். மூன்று உயரங்களை வைத்து ஓட்டத் திசையைப் போட்டுவிடலாம். கேட்பதற்கு எளிதுதான். ஆனால் நீர்மட்டச் சாய்வு 0.002 என்றால், நூறு மீட்டருக்கு இருபது சென்டிமீட்டர்தான் வித்தியாசம். கிணறுகள் நூறு மீட்டர் இடைவெளியில் செங்கோணமாக இருந்து, சாய்வு ஒரு பக்கத்தை ஒட்டியே இருக்கிறது என்று வையுங்கள். சாய்வுக்குக் குறுக்கே உள்ள கிணற்றின் விளிம்பு மட்டம் பத்து சென்டிமீட்டர் தப்பாகப் பதிவானாலே ஓட்டத் திசை சுமார் 27 டிகிரி திரும்பிவிடும். அரை கிலோமீட்டர் தள்ளிப் பார்த்தால் அது 250 மீட்டர் விலகல். மாசு போகும் வழியில் இருக்கும் வீட்டுக் கிணறு அறிக்கையில் 'பாதிப்பில்லை' என்று வந்துவிடும்.

இதைவிட மோசமான தவறு ஒன்று இருக்கிறது. அடிக்கடி நடப்பதும் அதுதான். ஒரு கிணற்றில் நீர் உள்ளே வரும் வடிகுழாய்ப் பகுதி மேல் மணல் அடுக்கிலும் இன்னொன்றினுடையது களிமண்ணுக்குக் கீழே உள்ள அடுக்கிலும் இருக்கும். இரண்டும் வேறு வேறு நீர்த்தாங்கிகள், அதாவது நீர் தேங்கி ஓடும் அடுக்குகள், வேறு வேறு அழுத்தங்கள். இரண்டையும் ஒரே வரைபடத்தில் சேர்த்து, ஒரே நீர் உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமநீர்மட்டக் கோடு வரைந்தால் படம் அழகாகவே வரும், ஆனால் அதற்கு அர்த்தமே இருக்காது. கணினி மென்பொருள் இதைக் கண்டுபிடிக்காது. கொடுத்த எண்களுக்குக் கோடு போட்டுக் கொடுத்துவிடும். துளையிடும்போது எழுதிய அடுக்குப் பதிவையும் கிணறு கட்டிய விவரத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டவருக்குத்தான் தெரியும். அந்த அறிக்கையின் மேல் இருக்கும், உரிமம் பெற்றவரின் முத்திரைக்கு அர்த்தம் இதுதான்: நான் ஒப்பிட்டுப் பார்த்தேன், தப்பென்றால் நிறுவனம் மட்டுமல்ல, என் உரிமமும் பதில் சொல்லும்.

இனி நடைமுறைக்கு வருவோம். டெக்சாஸை உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். அங்கே பொதுமக்களுக்கான புவி அறிவியல் பணி செய்ய 2003 செப்டம்பர் 1 முதல் உரிமம் கட்டாயம். உரிமம் தரும் மாநில வாரியத்தில் ஒன்பது பேர். ஆறு பேர் உரிமம் பெற்ற துறையினர், மூன்று பேர் பொதுமக்கள் சார்பில். நிலவியல், புவி இயற்பியல், மண் அறிவியல் என்று மூன்று பிரிவுகளில் உரிமம் தருகிறார்கள். படிப்பு குறைந்தது நான்கு ஆண்டுகள் இருக்க வேண்டும். புவி அறிவியலில் 30 செமஸ்டர் ஹவர்ஸ் (அங்கே பாடங்களை அளக்கும் அலகு) வேண்டும், அதில் 20 பட்டப்படிப்பின் பிற்பகுதியில் வரும் மேல்நிலைப் பாடங்களாக இருக்க வேண்டும். இதன் மேல் ஐந்து ஆண்டு தகுதியான அனுபவமும் தேர்வும்.

நம்மவர்கள் தடுக்கி விழுவது முதலில் படிப்பில். நமது பி.எஸ்சி. பெரும்பாலும் மூன்று ஆண்டுகள்தான். அதைத் தனியாக அனுப்பினால் நான்கு ஆண்டு நிபந்தனை இடிக்கும். எம்.எஸ்சி.யையும் சேர்த்தே மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பிடும் நிறுவனத்திடம் வெறுமனே 'சமமான பட்டம்' என்ற ஒற்றை வரிச் சான்று வாங்காதீர்கள். பாடம் பாடமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை செமஸ்டர் ஹவர்ஸ், எது மேல்நிலை என்று காட்டும் அறிக்கை வாங்குங்கள். நம் மதிப்பெண் பட்டியலில் 'தாள் 3', 'முதன்மைப் பாடம் 5' என்று மட்டும் அச்சாகியிருந்தால் மதிப்பிடுபவருக்கு அது கனிமவியலா கணிதமா என்று தெரியாது. ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே, துறைத்தலைவர் கையெழுத்தும் கல்லூரி முத்திரையும் போட்ட பாடத்திட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து, பாடத்திட்டம் மூன்று முறை மாறிய பிறகு, அதைத் தேடி எடுப்பது பெரும்பாடு.

தேர்வை மாநில வாரியங்களின் கூட்டமைப்பான ஆஸ்பாக் (ASBOG) நடத்துகிறது. இரண்டு தாள்கள்: அடிப்படைத் தாள், தொழில்முறைத் தாள். இரண்டும் கொள்குறி வினாக்கள். அடிப்படைத் தாளைப் படிப்பு முடிந்த கையோடு எழுதப் பல மாநிலங்கள் விடுகின்றன. தள்ளிப்போடாமல் அப்போதே எழுதிவிடுவதுதான் நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. காரணம், அதில் கனிமவியல், பாறையியல், படிவப் பாறையியல், கட்டமைப்பு நிலவியல் எல்லாம் வரும். மூன்று வருடம் கிணறு பார்த்துக்கொண்டிருந்தால் பெல்ட்ஸ்பார் கனிம வகைகள் மறந்துபோகும். நம் பாடத்திட்டம் இந்தப் பகுதிகளில் வலுவானது. பின்தங்குவது நீர்நிலவியல், பொறியியல் நிலவியல், குவாட்டர்னரி என்ற அண்மைப் புவிக்காலத்தின் படிவுகள் ஆகியவற்றில். தொழில்முறைத் தாளில் எடை கூடுவதும் நீர்நிலவியலுக்கும் பொறியியல் நிலவியலுக்கும்தான். இன்னொரு சிறு விஷயம்: அடி, மைல், ஏக்கர், காலன் கணக்குகளில் கை பழக வேண்டும். இங்கே 1:50,000 வரைபடத்தில் பழகிய கண்ணுக்கு அங்கே 1:24,000 வரைபடமும் சம உயரக் கோடுகள் அடியில் இருப்பதும் முதலில் குழப்பும். கலிபோர்னியாவில் இந்த இரண்டு தாள்கள் போதாது. அந்த மாநிலத்தின் சட்டம், நிலநடுக்கப் பிளவுகள், உள்ளூர் நிலவியல் பற்றிய தனித் தேர்வும் எழுத வேண்டும். டெக்சாஸில் புவி இயற்பியலுக்கும் மண் அறிவியலுக்கும் தேர்வுகள் வேறு.

தேர்வைவிட அதிகம் பேரைக் கவிழ்ப்பது அனுபவச் சான்று. ஐந்து ஆண்டு வேலை பார்த்தேன் என்றால் வாரியம் ஏற்காது. பொதுவாக உரிமம் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில், நீங்களே நிலவியல் தீர்மானம் எடுத்த வேலையாக இருக்க வேண்டும். மாதிரிப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பியது தொழில்நுட்ப உதவியாளர் வேலை. துளை மண்ணைப் பார்த்து அடுக்குகளை இனம் கண்டு, குறுக்குவெட்டுப் படம் வரைந்து, இந்த ஆழத்தில்தான் வடிகுழாய் வைக்க வேண்டும் என்று முடிவெடுத்தது நிலவியல் வேலை. விண்ணப்பத்தில் 'களப்பணி செய்தேன்' என்று எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு திட்டம் முடிந்ததும் தேதி, செய்த தீர்மானம், மேற்பார்வையாளர் பெயர், அவருடைய உரிம எண் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். நிறுவனம் மாறும் முன் அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நிறுவனம் விற்கப்பட்டு, மேலாளர் ஓய்வுபெற்று வேறு மாநிலத்துக்குப் போன பிறகு அவரைத் தேடி அலைபவர்கள் ஏராளம்.

எண்ணெய்த் துறையில் சேர நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எண்ணெய், எரிவாயு, கனிமம் தேடும் பணிக்கு டெக்சாஸ் சட்டத்தில் விலக்கு உண்டு. கல்லூரியில் கற்பிப்பதற்கும் உண்டு. ஆகவே ஹூஸ்டனில் எண்ணெய் நிறுவனத்தில் இருக்கும் வரை உரிமம் இல்லாமலே ஓட்டிவிடலாம். எண்ணெய் விலை சரிந்து ஆட்குறைப்பு வரும்போதுதான் பிரச்சினை. சுற்றுச்சூழல் துறைக்கு மாற விண்ணப்பிக்கும்போது கையில் உரிமமும் இருக்காது, சான்று கொடுக்க உரிமம் பெற்ற மேலாளரும் இருக்க மாட்டார். விலக்குள்ள வேலையில் இருந்தாலும் அடிப்படைத் தாளையாவது எழுதி வைத்துக்கொள்வது பிற்காலத்துக்குக் கைகொடுக்கும்.

தொழில்முறைச் சங்கங்கள் தரும் சான்றிதழை உரிமம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். சங்கச் சான்றிதழ் மதிப்புள்ளதுதான், ஆனால் மாநில அரசுக்குக் கொடுக்கும் அறிக்கையில் அது செல்லாது. உரிமம் இல்லாமல் விசிட்டிங் கார்டிலோ இணையப் பக்கத்திலோ சட்டம் பாதுகாத்திருக்கும் பட்டப்பெயரைப் போட்டுக்கொள்வதே பல மாநிலங்களில் விதிமீறல். ஒரு மாநில உரிமத்தை வைத்து எல்லை தாண்டிப் பக்கத்து மாநில மனைக்கு அறிக்கை எழுதுவதும் அப்படியே. அங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும், முதல் மாநிலத்தில் எழுதிய தேர்வு மதிப்பெண் மட்டும் பெரும்பாலும் உடன் வரும். எல்லாவற்றிலும் கடுமையாகப் பார்க்கப்படுவது, தான் மேற்பார்வை செய்யாத வேலைக்கு முத்திரை குத்துவது. மேலதிகாரி அவசரம் என்று நீட்டினாலும் மறுத்துவிட வேண்டும். உரிமம் தனிநபருடையது, பறிபோனால் நிறுவனம் திரும்ப வாங்கிக் கொடுக்காது.

இந்த உரிமம் தேவையற்ற கெடுபிடி என்று அங்கேயே சொல்பவர்கள் உண்டு. டெக்சாஸில் அரசு அமைப்புகளை மறுஆய்வு செய்யும் ஆணையத்தின் அலுவலர்களே இந்த வாரியத்தைக் கலைக்கலாம் என்று ஒருமுறை பரிந்துரைத்தார்கள். புகார்கள் குறைவு என்பது அவர்கள் தரப்பு. சட்டமன்றம் அதை ஏற்கவில்லை, வாரியம் தொடர்கிறது. சட்டமன்றம் செய்தது சரி என்றே கருதுகிறோம். நிலத்துக்கு அடியில் நடந்த தவறு வெளியே தெரியப் பத்து, இருபது ஆண்டுகள் ஆகும். அதனால் பாதிக்கப்பட்டவருக்குத் தன் கிணற்று நீர் ஏன் நாறுகிறது என்றே தெரியாதபோது யார் மேல் புகார் கொடுப்பார்?

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வெளியான பட்டியலில் பல்கலைக்கழகம், கட்டணம், சராசரிச் சம்பளம் இருந்தன. அடுத்த முறை அதே பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் மாநிலத்தில் உரிமம் உண்டா, அடிப்படைத் தாளைப் படிக்கும்போதே எழுத விடுவார்களா என்ற இரண்டு கட்டங்களைச் சேருங்கள். இரண்டு தகவலும் அந்தந்த மாநில வாரியத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இப்படிக்கு,
நிலவியல் பணியில் உள்ள வாசகர்கள்