அகேடியா மலைகளைச் செதுக்கியது கடல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் வந்த அகேடியா தேசியப் பூங்கா பயணக் கட்டுரையை ஆசையாகப் படித்தேன். ஜோர்டன் குளத்துப் படம் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் இரண்டு இடங்கள் உறுத்தின. ஒன்று, அங்குள்ள மலைகளை அட்லாண்டிக் அலைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மோதிச் செதுக்கின என்ற வரி. இன்னொன்று, பபிள் பாறையின் படத்துக்குக் கீழே 'அமெரிக்காவின் வெண்ணெய் உருண்டை' என்று போட்டிருந்தது. நான் புவியியல் படித்தவன் இல்லை. பாஸ்டனுக்குப் பக்கத்தில் வேலை, ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டினால் மெய்ன் மாநிலத்தில் அந்தப் பூங்கா இருக்கும் தீவு வந்துவிடும் என்பதால் ஒன்பது வருடமாகப் போய்வருகிறேன், ரேஞ்சர்களிடம் கேட்டும் அப்புறம் தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பாறை. தெற்கு பபிள் குன்றின் விளிம்பில், இப்போது உருண்டுவிடுமோ என்று பயமுறுத்துகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பார்த்ததும் மாமல்லபுரம்தான் ஞாபகம் வரும், எனக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால் என் மகள் பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா, கீழே இருக்கிற பாறை பிங்க், இது மட்டும் ஏன் வெள்ளையா இருக்கு?" என்று கேட்டாள். விஷயமே அதுதான். அந்தக் குன்று இளஞ்சிவப்பு கிரானைட். மேலே இருக்கும் கல்லோ பெரிய பெரிய படிகங்கள் கொண்ட வெளிர் நிறக் கிரானைட், அது அந்தத் தீவின் கல்லே இல்லை. சுமார் 30 கிலோமீட்டர் வடமேற்கே லூசர்ன் என்ற இடத்துப் பக்கம் இருக்கிற பாறை. பனியாறு, அதாவது மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டி, அதைப் பெயர்த்து, குன்றின் மேல் வரை சுமந்து வந்து, உருகும்போது அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறது. மாமல்லபுரத்து உருண்டை அப்படி எங்கிருந்தும் வரவில்லை. அது இருந்த இடத்திலேயே வெயிலிலும் மழையிலும் சுற்றிலும் சிதைந்து உருண்டையாக மிஞ்சியது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம், கடைசிப் பனியுகத்தில் பனியாறு நம் ஊர்ப் பக்கம் எட்டிப்பார்க்கவே இல்லை. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டின் கதையும் வேறு. வாசகர்கள் மாமல்லபுரத்தை நினைத்துக்கொள்வார்கள் என்பதாலேயே இந்த வித்தியாசத்தை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

சரி, மலைகளுக்கு வருகிறேன். அந்தத் தீவின் மிகப் பழைய பாறை கடலடியில் படிந்த சேறும் எரிமலைச் சாம்பலும் அழுத்தத்தில் மாறி உருவானது, சுமார் 50 கோடி ஆண்டுப் பழசு. அப்போது அது வட அமெரிக்காவில் இல்லை. கோண்ட்வானா என்ற தென் பெருங்கண்டத்தின் ஓரத்திலிருந்து பிரிந்து நகர்ந்த ஒரு நிலத்துண்டு, அவலோனியா என்று பொதுவாகச் சொல்கிறார்கள். (கோண்ட்வானா என்ற பெயரே நம் மத்திய இந்தியாவின் கோண்டு மக்கள் வாழும் பகுதியிலிருந்து வைக்கப்பட்டது. மெய்னில் நின்றுகொண்டு அதை ரேஞ்சர் வாயால் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.) அந்தத் துண்டு மெல்ல வந்து வட அமெரிக்காவின் ஓரத்தில் மோதி ஒட்டிக்கொண்ட காலத்தை ஒட்டி, சுமார் 42 கோடி ஆண்டுகளுக்கு முன், பாறைக்குழம்பு கீழிருந்து பொங்கி வந்தது. கொஞ்சம் எரிமலையாக வெடித்தது, மிச்சம் பூமிக்குள்ளேயே மெதுவாக ஆறி இளஞ்சிவப்புக் கிரானைட் ஆனது. மேலே மூடியிருந்த கறுத்த பழைய பாறை உடைந்து அந்தக் குழம்புக்குள் விழுந்து அப்படியே உறைந்த இடங்களை இன்றும் பார்க்கலாம். லிட்டில் ஹன்டர்ஸ் கடற்கரையில் போய் நின்றால் வெளிர் கல்லுக்குள் கறுப்புத் துண்டுகள் சிதறிக் கிடப்பது நன்றாகத் தெரியும். மேலே இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் கரைந்து போனதால்தான் ஆழத்தில் இருந்த கிரானைட் இன்று 1,530 அடி கேடிலாக் மலையாக வெளியே நிற்கிறது. அட்லாண்டிக் பெருங்கடல் திறந்ததே சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான், அதாவது கல்லுக்கு வயது கடலைவிட இரண்டு மடங்கு.

அப்புறம் வந்தது பனி. வடக்கே கனடாவிலிருந்து இறங்கிய பனிவிரிப்பு ஒரு கிலோமீட்டருக்கும் மேலான தடிமனில் அந்தத் தீவை முழுசாக மூடியது, கேடிலாக் உச்சியே அதற்கு அடியில்தான் கிடந்தது. அதற்கு முன் அங்கே கிழக்கு மேற்காக ஒரே தொடராகக் கிரானைட் மேடு இருந்தது. பனி அதன் மேல் வடக்கிலிருந்து தெற்கே ஏறிப் போகும்போது, அடியில் உறைந்திருந்த கற்கள் உப்புத்தாள் மாதிரி தேய்க்க, தாழ்வான இடங்களெல்லாம் ஆழமான பள்ளத்தாக்குகளாகத் தோண்டப்பட்டு மேடு தனித்தனி மலைகளாகப் பிரிந்தது. அந்தப் பள்ளங்களில் தண்ணீர் நின்றதுதான் ஈகிள் ஏரி, எக்கோ ஏரி, லாங் பாண்ட் எல்லாம். உங்கள் படத்தில் இருந்த ஜோர்டன் குளமும் அப்படித்தான், அதன் தெற்கு முனையைப் பனி கொண்டுவந்து கொட்டிய மண்ணும் கல்லும் அணை போல அடைத்திருக்கிறது. சோம்ஸ் சவுண்ட் என்ற பள்ளத்தில் கடல்நீரே புகுந்து தீவை ஏறக்குறைய இரண்டாகப் பிளந்து கிடக்கிறது.

மலையின் உருவத்தைப் பார்த்தாலே பனி வந்த திசை தெரிந்துவிடும். வடக்குப் பக்கம் ஏறி வந்தபோது தேய்த்ததால் சரிவு மழமழவென்று சாய்ந்திருக்கும். தெற்கே இறங்கும்போது விரிசல்களில் தண்ணீர் புகுந்து உறைந்து கல்லைப் பிடுங்கியிருப்பதால் படிக்கட்டு மாதிரி செங்குத்தாக உடைந்திருக்கும். பீஹைவ் குன்றை மக்கள் இரும்புக் கம்பியைப் பிடித்து ஏறுகிறார்களே, அது அந்தப் பிடுங்கிய பக்கம்.

பனி உருகி சுமார் 15,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதன் பாரத்தில் நிலமே அமுங்கியிருந்ததால் உருகியதும் கடல் உள்ளே ஏறி வந்தது, பாரம் போனதும் நிலம் மெல்ல மெல்ல எழும்பியது. கோர்ஹாம் மலையில் இன்றைய கடலிலிருந்து சுமார் 200 அடி உயரத்தில் அலை குடைந்த குகை இருப்பது இதனால்தான். அந்தக் குகை கடலின் வேலை, தண்டர் ஹோலில் இடி போல முழங்கும் பிளவு கடலின் வேலை, சேண்ட் பீச்சில் நொறுங்கிய சிப்பி ஓடுகள் மணலாகக் குவிந்ததும் கடலின் வேலைதான், நான் கடலைக் குறைத்துச் சொல்லவில்லை. அது விளிம்பைச் செதுக்கிக்கொண்டிருக்கிறது. மலைகளை உண்டாக்கியது அது இல்லை.

இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் இருக்கிறது. போன முறை பபிள் பாறையருகே நம்மவர் குடும்பம் ஒன்று, நான்கு பேரும் சேர்ந்து அதைத் தள்ளுவது போல போட்டோ எடுத்துக்கொண்டு இரண்டே நிமிடத்தில் கிளம்பிவிட்டார்கள். வெள்ளைக் கல்லையும் காலடியில் இருந்த பிங்க் கல்லையும் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைகள் அங்கிருந்து நகர்ந்திருக்க மாட்டார்கள். உங்கள் இதழில் வரும் பயணக் கட்டுரைகளைப் படித்துவிட்டுத்தான் எங்களில் பலர் விடுமுறைக்கு இடமே முடிவு செய்கிறோம், அதனால் கேட்கிறேன். எங்கே தங்கலாம், என்ன சாப்பிடலாம் என்பதோடு அந்த மண்ணைப் பற்றியும் ஒரு பத்தி சேர்த்துப் போடுங்கள்.

இந்த இலையுதிர்காலத்தில் போகிறவர்களுக்கு ஒன்று. கேடிலாக் உச்சிக்குக் காரில் போக முன்பதிவு வேண்டும், சூரிய உதயத்துக்கான இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைத்தால் உதயம் முடிந்ததும் இறங்கிவிடாதீர்கள். வெயில் சாய்வாக விழும் அந்த நேரத்தில் குனிந்து பாறையைப் பார்த்தால், ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடும் கீறல்களும் அம்மி கொத்தியது போன்ற பிறைத் தழும்புகளும் தெரியும். விரலை வைத்துத் தடவிப் பார்க்கலாம். வெயில் ஏறிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது.

அன்புடன்,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
மாசசூசெட்ஸ்