100 வோல்ட் குக்கரை வோல்ட் எண்ணை மறைத்து விற்றது தொடர்பான புகார்

முகாமையாளர் அவர்களுக்கு,
அறக்கொடைப் பழம்பொருள் விற்பனை நிலையம்,
கொழும்பு.

அன்புடையீர்,

காலி வீதியில் உள்ள உங்கள் கிளையில் சென்ற மாதம் 4,500 ரூபா கொடுத்து ஒரு ரைஸ் குக்கர் வாங்கினேன். முதல் நாள் பிளக்கில் போட்ட சில நிமிடங்களிலேயே அது கருகிவிட்டது. காசைத் திருப்பித் தரச் சொல்லி வந்தபோது உங்கள் கடையில் கிடைத்த பதிலையும் சேர்த்துத்தான் இந்தப் புகாரை எழுதுகிறேன்.

குக்கரை வாங்கியது எனக்காக அல்ல. அக்காவின் மகள் வவுனியாவிலிருந்து படிக்க வந்து வெள்ளவத்தையில் ஒரு போர்டிங்கில் இருக்கிறாள். அந்த அறையில் காஸ் அடுப்பு வைக்க வீட்டுக்காரர் விடமாட்டார். ஒரு குக்கர் இருந்தால் சோறும் பருப்புமாவது வைத்துச் சாப்பிடுவாள். "ஜப்பான் சாமான், நல்லாப் பாவிக்கலாம்" என்று உங்கள் ஊழியர் சொன்னார். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. வயரில் புதிய மூன்று கால் சதுரப் பிளக் பூட்டியிருந்தது. அரிசி போட்டு சுவிட்சை அழுத்தினாள். ரப்பர் எரியும் மணம் வந்தது, அடியிலிருந்து புகை கிளம்பியது, ட்ரிப் சுவிட்ச் விழுந்து மாடி முழுக்க இருண்டுவிட்டது. பிள்ளை பயந்து அழுதபடி எனக்கு அழைப்பு எடுத்தாள்.

எங்கள் ஒழுங்கையில் மின்சார வேலை செய்யும் அண்ணாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் குக்கரைக் கவிழ்த்துப் பார்த்தார். உங்கள் கடையின் விலைச் சீட்டு அடிப்பக்கத் தகட்டின் மேல் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தார். அதன் கீழே 100 வோல்ட் என்று தெளிவாக அச்சாகியிருந்தது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், எங்களுக்கு 230. இரண்டு மடங்குக்கு மேல் வோல்ட் கொடுத்தால் சூடாக்கும் கம்பி ஐந்து மடங்குக்கு மேல் மின்சக்தியை இழுக்கும், தாங்காது என்று விளக்கினார். பிறகு பிளக்கைத் திருகிக் கழற்றிக் காட்டினார். எர்த் காலில் வயரே இல்லை. ஜப்பான் சாமான்களுக்கு வழக்கமாக வரும் தட்டையான இரண்டு கால் பிளக்கை யாரோ வெட்டிவிட்டு, அதே இரண்டு வயர் கம்பியில் சதுரப் பிளக்கைப் பூட்டியிருக்கிறார்கள். இதைச் செய்தவர் குக்கரைத் தந்த நன்கொடையாளரா உங்கள் ஆட்களா என்று எனக்குத் தெரிய வேண்டும். விலைச் சீட்டை ஒட்டியது உங்கள் ஆட்கள்தான், அதில் சந்தேகமில்லை.

பற்றுச்சீட்டோடும் கருகிய குக்கரோடும் கடைக்கு வந்தேன். காசாளராக இருந்த பிள்ளை, "அன்ரி, இது டொனேஷன் சாமான். ஏழைகளுக்குப் போற காசு, அதைத் திருப்பிக் கேக்கலாமா?" என்றார். அருகில் நின்ற மேற்பார்வையாளரும் அதற்குத் தலையாட்டினார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தர்மக் காசைப் பறிக்க வந்தவள்போல நான் நிற்க வேண்டியிருந்தது. நானும் வசதிக்கு உங்களிடம் வருபவள் அல்ல. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிய பிறகு புது மின்சாதனம் எங்களுக்கு எட்டாத விலையாகிவிட்டது. உங்கள் கடைக்குப் பாதிச் சனம் அதனால்தான் வருகிறது. அந்தச் சனத்திடம் நெருப்புப் பிடிக்கக்கூடிய சாமானை விற்றுவிட்டு, வரும் காசு ஏழைக்குப் போகிறது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

புறக்கோட்டையில் ஒரு மின்குமிழ் வாங்கினாலும் கடைக்காரர் ஹோல்டரில் போட்டு எரியவைத்துக் காட்டித்தான் தருவார். நடைபாதை வியாபாரிகூட டோர்ச் லைட்டைத் தட்டிக் காட்டுவார். உங்கள் கடையில் மின்சாதனம் அடுக்கியிருக்கும் பக்கம் ஒரு பிளக் பொயின்ற் கூட இல்லை. இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கச்சி இப்படிப்பட்ட அறக்கொடைக் கடையொன்றில் தொண்டு வேலை செய்கிறாள். அவளுடைய கடையில் மின்சாதனம் எதுவும் பரிசோதித்துச் சீட்டு ஒட்டாமல் விற்பனைத் தட்டுக்கு வராது. பரிசோதிக்க ஆளில்லாத கடைகள் மின்சாதனத்தை வாங்கிக்கொள்வதே இல்லையாம்.

உங்கள் கடையில் எனக்கு நல்லது கிடைத்ததே இல்லை என்று சொல்லமாட்டேன். என் கைத்தறிச் சேலைகளில் இரண்டு அங்கே எடுத்தவை, இன்றும் சாயம் போகவில்லை. மகனின் பாடசாலைச் சப்பாத்து, குசினியில் தினமும் பாவிக்கும் பிரஷர் குக்கர் எல்லாம் உங்களிடம் வாங்கியவைதான். பிரஷர் குக்கருக்கு ரப்பர் வளையம் இல்லை என்று அன்றைக்கு நின்ற வயதான அம்மா வாங்கும்போதே சொன்னார், விலையையும் குறைத்தார். அவருடைய அந்தச் சொல்லை நம்பித்தான் தெரிந்தவர்கள் எல்லோரையும் உங்களிடம் அனுப்பினேன். இப்போது அவர் அங்கே இல்லை.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கழுத்து நைந்த ரீசேட் ஒன்றுக்கு, லேபிளில் வெளிநாட்டுப் பெயர் இருக்கிறது என்பதற்காக 1,800 ரூபா போட்டிருந்தீர்கள். இங்கே ஆடைத் தொழிற்சாலைகளில் ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சும் புது உடுப்புகள் புறக்கோட்டையிலும் மகரகமவின் பமுணுவச் சந்தையிலும் அதைவிடக் குறைவாகக் கிடைக்கின்றன. திறந்தவுடன் சாக்குகளோடு வந்து நல்லதை அள்ளிக்கொண்டு போகும் வியாபாரிகளுக்கு வேண்டுமானால் இந்த விலை கட்டுப்படியாகலாம், வீட்டுக்கு ஒன்றிரண்டு வாங்க வருபவர்களுக்கு ஆகாது. ஆனால் அதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. பிடிக்காவிட்டால் வாங்காமல் வந்துவிடலாம். குக்கரின் விஷயம் அப்படியல்ல.

எனக்கு 4,500 ரூபாவும் திரும்ப வேண்டும். அதற்குப் பதிலாக வேறு சாமான் எடுக்கச் சொன்னால் எடுக்கமாட்டேன். அதே தட்டில் இன்னும் சில ஜப்பான் குக்கர்களும் ஒரு கேத்தலும் இருந்தன. அவற்றை இன்றைக்கே எடுத்துவிடுங்கள், எனக்குக் காசு தருவதைவிட அது அவசரம். யாரோ ஒரு தாய் அதைத் தன் பிள்ளைக்கு வாங்கிக்கொண்டு போகக்கூடும். இனி வோல்ட் எழுதிய தகட்டின் மேல் சீட்டு ஒட்டவேண்டாம். கடையில் பிளக் பொயின்ற் ஒன்று வையுங்கள். பரிசோதிக்காத சாமான் என்றால் மூன்று மொழியிலும் அதை எழுதி வையுங்கள்.

இரண்டு கிழமைக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், பற்றுச்சீட்டின் பிரதியோடும் தகட்டின் படத்தோடும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்து மூலம் முறையிடுவேன். குக்கரும் பிளக்கும் என்னிடமே இருக்கின்றன. உங்கள் பொறுப்பான ஒருவர் பார்க்க விரும்பினால் எந்தச் சனிக்கிழமை காலையிலும் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து உங்கள் நீண்டநாள் வாடிக்கையாளர்